டெல்லி மெட்ரோ: படிக்க வந்தவருக்கு முதல் வாரத்தில் எவ்வளவு கைகொடுக்கும்?

மார்க் போடச் சொன்னால் பத்துக்கு எட்டு. மாணவர் பாஸ் என்று ஒன்று இல்லாததற்காக ஒன்றரை மார்க் போச்சு. ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிட்டு "இனி உன் பாடு" என்று விட்டுவிடுவதற்காக இன்னொரு அரை மார்க். மற்றபடி இந்தி தெரியாமல், ஊர் தெரியாமல், இரண்டு பெட்டியோடு டெல்லியில் வந்து இறங்கும் தமிழ்நாட்டு மாணவருக்கு இந்த நகரம் தரும் சேவைகளில் இதுதான் உருப்படியானது. பேரம் கிடையாது, யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை, அறிவிப்பும் பலகையும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன.

ஆனால் மெட்ரோவை எப்படிப் பயன்படுத்துவது என்பதைவிட, அதை வைத்து எங்கே குடியேறுவது என்பதுதான் முதல் வாரத்தின் பெரிய கேள்வி. கல்லூரியிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்து ரூம் எடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவது மாதமே மாற்று ரூம் தேடுகிறார்கள். பார்க்க வேண்டியது லைனை. அதைப் பிறகு விரிவாகப் பார்க்கலாம். முதலில் வந்து இறங்கும் நாள்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வருபவர்கள் இறங்குவது நியூ டெல்லி ஸ்டேஷனில். இங்கே மெட்ரோ இருப்பது அஜ்மீரி கேட் பக்கம். பஹாட்கஞ்ச் பக்கம் வெளியே போய்விட்டால் ஆட்டோக்காரர்களும் ஹோட்டல் ஏஜென்டுகளும் மொய்த்துக்கொள்வார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடைமேம்பாலம் ஏறித் திரும்பி வர வேண்டியிருக்கும். அஜ்மீரி கேட் பக்கம் யெல்லோ லைனும் உண்டு, ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் லைனும் உண்டு. இரண்டுக்கும் நுழைவாயில் வேறு. கன்னியாகுமரியிலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸிலோ, மதுரையிலிருந்து சம்பர்க் கிராந்தியிலோ வந்தால் ஹஜ்ரத் நிஜாமுதீன். அங்கே பக்கத்திலேயே பிங்க் லைனின் சராய் காலே கான் - நிஜாமுதீன் ஸ்டேஷன். டெல்லிப் பல்கலைக்கழக சவுத் கேம்பஸ் பக்கம் போகிறவர்களுக்கு இது வரப்பிரசாதம்: ஒரே ரயிலில் துர்காபாய் தேஷ்முக் சவுத் கேம்பஸ் ஸ்டேஷனில் போய் இறங்கலாம்.

விமானத்தில் வருபவர்கள் டெர்மினலைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். டெர்மினல் 3 என்றால் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ். அது வேகமானது, ஆனால் கட்டணம் தனி. டெர்மினல் 1 என்றால் மெஜந்தா லைன். முனிர்கா, ஐஐடி டெல்லி, ஹவுஸ் காஸ், ஜாமியா மில்லியா இஸ்லாமியா எல்லாம் இதே லைனில் வரிசையாக இருப்பதால், ஜேஎன்யு (ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம்), ஐஐடி, ஜாமியா மாணவர்கள் எங்கும் மாறாமல் போய்விடலாம். ஒரு எச்சரிக்கை: ஏர்போர்ட் எக்ஸ்பிரஸின் தௌலா குவானையும் பிங்க் லைனின் சவுத் கேம்பஸ் ஸ்டேஷனையும் மேப்பில் ஒன்றாகக் காட்டியிருப்பார்கள். இடையில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் மேம்பாலப் பாதை. நகரும் நடைமேடைகள் இருந்தாலும் பெட்டியோடு அது நெடுவழிதான்.

பெட்டி விஷயம். சாதாரண லைன்களில் ஒருவருக்கு 25 கிலோ, ஏர்போர்ட் லைனில் 32 கிலோ என்பது விதி. யாரும் தராசு வைத்துக்கொண்டு நிற்பதில்லை. எக்ஸ்ரே மெஷினின் வாய்க்குள் பெட்டி நுழைகிறதா என்பதுதான் நிஜமான பரீட்சை. அம்மா கட்டிக்கொடுத்த ஊறுகாய், பொடி, குக்கருக்கு ஒன்றும் பிரச்சினை வராது. அரிவாள்மனையும் நீளமான கத்தியும் நிச்சயம் மாட்டும். சின்ன கேஸ் சிலிண்டரை உள்ளே விடவே மாட்டார்கள். காலை எட்டரையிலிருந்து பத்தரை வரையும், மாலை ஐந்தரையிலிருந்து எட்டு வரையும் பெரிய பெட்டியோடு யெல்லோ லைனில் ஏறுவதை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். ரயில் அந்த நேரத்தில் வந்து சேர்ந்தால், ஸ்டேஷனிலேயே குளித்து, டீ குடித்து, கூட்டம் வடிந்த பிறகு கிளம்புவது புத்திசாலித்தனம்.

அடுத்தது டிக்கெட். பழைய டோக்கன் போய் இப்போது க்யூஆர்தான். கவுன்டரில் காகிதத்தில் அச்சிட்டும் தருவார்கள், போனிலும் வாங்கலாம். முதல் நாளுக்கு அது போதும். இரண்டாம் நாளே ஸ்மார்ட் கார்டு வாங்கிவிட வேண்டும். 150 ரூபாய் கொடுத்தால் அதில் 50 டெபாசிட், மீதி 100 பயணத்துக்கு. ஒவ்வொரு பயணத்துக்கும் 10 சதவீதம் தள்ளுபடி. காலை 8 மணிக்கு முன், பகல் 12 முதல் மாலை 5 வரை, இரவு 9 மணிக்குப் பின் என்ற நேரத்துக்குள் பயணத்தை முடித்து வெளியே வந்துவிட்டால் இன்னொரு 10 சதவீதம். போனிலேயே போதும் என்பவர்களுக்கு 2024 செப்டம்பரில் பல பயண க்யூஆர் டிக்கெட் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். டெல்லி மெட்ரோவின் மொமென்டம் செயலியில் கிடைக்கும். டெபாசிட் இல்லை, தள்ளுபடி அதே அளவு. குறை ஒன்றுதான்: நாள் முழுக்க மேப் பார்த்து, ரூம் புரோக்கர்களோடு பேசி, மாலையில் போன் செத்துவிட்டால் கேட்டுக்கு உள்ளே மாட்டிக்கொள்வீர்கள். முதல் மாதத்துக்கு பிளாஸ்டிக் கார்டே பாதுகாப்பு.

கார்டிலும் ஒரு வில்லங்கம் உண்டு. போனில் ரீசார்ஜ் செய்ததும் வங்கியில் பணம் கழிந்துவிடும்; ஆனால் கார்டில் ஏறியிருக்காது. ஸ்டேஷனில் உள்ள ரீசார்ஜ் மெஷினில் கார்டை வைத்து, ஆன்லைனில் கட்டிய தொகையை ஏற்றச் சொல்லித் திரையைத் தொட்டால்தான் கார்டுக்குள் வரும். இது தெரியாமல் நேராக கேட்டில் கார்டைத் தட்டி, சிவப்பு விளக்கைப் பார்த்து, பின்னால் நிற்பவர்களின் முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டு பின்வாங்குகிறவர்களை ஒவ்வொரு ஜூலை, ஆகஸ்டிலும் விஸ்வவித்யாலயா ஸ்டேஷனில் பார்க்கலாம். இன்னொன்று: ஒரு கார்டில் ஒருவர்தான் போக முடியும். நண்பருக்கும் சேர்த்துத் தட்டலாம் என்ற எண்ணம் பலிக்காது.

கட்டணம் 2025 ஆகஸ்ட் 25 அன்று உயர்ந்தது. 2 கிலோமீட்டர் வரை 11 ரூபாய், 5 வரை 21, 12 வரை 32, 21 வரை 43, 32 வரை 54, அதற்கு மேல் 64. ஞாயிற்றுக்கிழமையும் தேசிய விடுமுறை நாட்களும் மலிவு: 5 கிலோமீட்டர் வரை 11, 12 வரை 21, 21 வரை 32, 32 வரை 43, அதற்கு மேல் 54. ரூம் தேடும் அலைச்சலை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொண்டால் காசும் மிச்சம், கூட்டமும் குறைவு, வீட்டுக்காரர்களும் வீட்டில் இருப்பார்கள். லைன் மாறுவதற்குத் தனிக் கட்டணம் இல்லை. குர்கானில் சிக்கந்தர்பூரிலிருந்து போகும் ரேபிட் மெட்ரோவும் நொய்டாவின் அக்வா லைனும் தனிக் கணக்கு. அதிலும் அக்வா லைனுக்கு ப்ளூ லைனின் செக்டர் 52-இல் இறங்கி, வெளியே வந்து, செக்டர் 51-க்கு நடந்து, புதிதாக டிக்கெட் எடுக்க வேண்டும்.

இப்போது ரூமுக்கு வருவோம். வாடகை 3,000 ரூபாய் குறைவு என்று 25 கிலோமீட்டர் தள்ளி ஒரு பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி) பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வழிக்கு 54, போக வர 108. கார்டு தள்ளுபடி போக 97 ரூபாய் 20 காசு. மாதம் 24 நாள் வகுப்பென்றால் 2,332 ரூபாய் 80 காசு. இரண்டு முனையிலும் ஷேர் இ-ரிக்‌ஷாவுக்குப் பத்துப் பத்தாகக் கொடுத்தால் நாளைக்கு 40, மாதத்துக்கு 960. கூட்டினால் 3,292 ரூபாய் 80 காசு. மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம் கரைந்து, கைப்பணமும் போய், தினம் இரண்டு மூன்று மணி நேரமும் போகிறது. இங்கேதான் மாணவர் பாஸ் இல்லாதது உறைக்கிறது. டெல்லி அரசின் டிடிசி பஸ்ஸில் மாணவர்களுக்குச் சலுகை பாஸ் உண்டு; நூலகம், சந்தை, நண்பர் வீடு என்று நிறைய சுற்றுகிறவர்கள் அதையும் எடுத்துவைப்பது நல்லது. மெட்ரோ இந்த விஷயத்தில் கல்நெஞ்சம்.

அதனால் விதி இதுதான்: கல்லூரி எந்த லைனில் இருக்கிறதோ, அதே லைனில், மாறாமல் போகும்படி ரூம் பாருங்கள். டெல்லிப் பல்கலைக்கழக நார்த் கேம்பஸுக்கு யெல்லோ லைனின் விஸ்வவித்யாலயா. கமலா நகர், விஜய் நகர், ஹட்சன் லேன் எல்லாம் நடை அல்லது ரிக்‌ஷா தூரம், அதனாலேயே வாடகை சூடு. அடுத்த ஸ்டேஷன் ஜிடிபி நகரும் அப்படித்தான். பக்கத்து முகர்ஜி நகரில் போட்டித் தேர்வுக் கூட்டம் வேறு. இன்னும் தள்ளி மாடல் டவுன், ஆசாத்பூர், ஆதர்ஷ் நகர் என்று வடக்கே போனால் ரயில் நேரம் சில நிமிடங்கள்தான் கூடும், வாடகை இறங்கும். காலையில் வடக்கிலிருந்து வரும் ரயிலில் நெரிசல் உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சவுத் கேம்பஸ், ஸ்ரீ வெங்கடேஸ்வரா கல்லூரிப் பக்கம் சத்யா நிகேதன்தான் மாணவர் பேட்டை. ஐஐடிக்கு ஜியா சராய், கட்வாரியா சராய். ஜாமியாவுக்கு ஓக்லா விஹார் பக்கம். ஜேஎன்யு மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. முனிர்கா ஸ்டேஷனில் இறங்கினாலும் வளாகத்துக்குள்ளேயே நீண்ட தூரம் போக வேண்டும். வளாகத்துக்குள் வரும் 615 பஸ்ஸைத்தான் தலைமுறை தலைமுறையாக நம்பியிருக்கிறார்கள். அங்கே படிப்பவர்களுக்கு மெட்ரோ இரண்டாம் பட்சம்.

விளம்பரத்தில் "மெட்ரோவிலிருந்து ஐந்து நிமிடம்" என்று போட்டிருந்தால், அது பைக்கில் ஐந்து நிமிடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். முன்பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை எளிது. இரவு ஒன்பது மணிக்கு அந்த ஸ்டேஷனில் இறங்கி, ரூம் வரை நடந்து பாருங்கள். விளக்கு எரிகிறதா, தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கிறதா, நாய்க்கூட்டம் எங்கே படுத்திருக்கிறது, இ-ரிக்‌ஷா அந்த நேரத்தில் ஓடுகிறதா என்பது பகலில் தெரியாது. எந்த எண் கேட்டில் வெளியே வர வேண்டும் என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். கேட் மாறி வெளியே வந்தால் எட்டு வழிச் சாலையின் எதிர்ப்பக்கம் நிற்பீர்கள். மே மாத வெயிலில் அந்தச் சாலையைக் கடந்து போவது லேசுப்பட்ட காரியமில்லை.

லைனுக்குள்ளேயே சில பொறிகள் உண்டு. பெரியது ப்ளூ லைன். துவாரகாவிலிருந்து வருவது யமுனா பேங்கில் இரண்டாகப் பிரிந்து ஒன்று நொய்டாவுக்கும் ஒன்று வைஷாலிக்கும் போகும். தமிழர்கள் நிறைய இருக்கும் மயூர் விஹார் நொய்டா கிளையில்; சிஏ கோச்சிங் மாணவர்கள் குவியும் லக்ஷ்மி நகர் வைஷாலி கிளையில். ஒரே பிளாட்பாரத்தில் இரண்டும் மாறி மாறி வரும். ரயில் நெற்றியிலும் பிளாட்பாரத் திரையிலும் கடைசி ஸ்டேஷன் பெயரைப் படிக்காமல் ஏறக் கூடாது. தவறி ஏறிவிட்டால் யமுனா பேங்கில் இறங்கி அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தால் போதும், பதற வேண்டாம். யெல்லோ லைனிலும் எல்லா ரயிலும் கடைசி வரை போகாது. கூட்ட நேரத்தில் பாதியில் முடியும் ரயில்கள் உண்டு.

மாறும் ஸ்டேஷன்களில் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. சென்ட்ரல் செக்ரடேரியட்டில் யெல்லோவிலிருந்து வயலட்டுக்கு மாறுவது சுலபம். ராஜீவ் சௌக்கில் யெல்லோவுக்கும் ப்ளூவுக்கும் இடையே மாலை நேரத்தில் கால் தரையில் படாமலே தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். காஷ்மீரி கேட்டில் ரெட், யெல்லோ, வயலட் மூன்றும் சந்திக்கின்றன. ரெட் லைன் மேலே, யெல்லோ பூமிக்கடியில், நடுவே படிக்கட்டுகளும் எஸ்கலேட்டர்களுமாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அம்புக்குறிப் பலகையை அண்ணாந்து தேடுவதைவிடத் தரையைப் பாருங்கள்: லைனின் நிறத்திலேயே பாதத் தடங்கள் ஒட்டியிருப்பார்கள். மஞ்சள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தால் யெல்லோ லைனுக்குக் கொண்டுவிடும்.

ஓடும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும். பிளாட்பாரத்தில் இளஞ்சிவப்புப் பலகை இருக்கும். புதிதாக வரும் பையன்கள் அவசரத்தில் அதில் ஏறி, அபராதமும் கட்டி, வசவும் வாங்குவது வருடாந்திர நிகழ்ச்சி. பெண்கள் அந்தப் பெட்டியில்தான் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் கூட்ட நேரத்தில் அதுவே உத்தமம். பெட்டிக்குள் தரையில் உட்கார்ந்தாலும் அபராதம் உண்டு. களைத்துப்போய்ச் சூட்கேஸின்மேல் சாய்ந்து கீழே அமர்ந்துவிடுவது நம் ஊர் ரயில் பழக்கம். இங்கே எடுபடாது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கேபிள் திருட்டு இந்த மெட்ரோவின் நிரந்தரத் தலைவலி. 2024 டிசம்பர் 5 அன்று மோதி நகருக்கும் கீர்த்தி நகருக்கும் இடையே கேபிளை வெட்டிக்கொண்டு போனதில், ப்ளூ லைன் ரயில்கள் நாள் முழுக்க ஊர்ந்தன. சிக்னல் கேபிள் போனால் ரயில் நிற்காது, ஆனால் அந்தப் பகுதியை மெதுவாகக் கடக்கும். பின்னால் வருபவை எல்லாம் வரிசை கட்டி நிற்கும். தேர்வு நாளில் ப்ளூ லைனை நம்புகிறவர்கள் ஒரு மணி நேரமாவது கையிருப்பு வைத்துக் கிளம்ப வேண்டும். ஜனவரி 26-ஐ ஒட்டி சென்ட்ரல் செக்ரடேரியட் பக்கம் நுழைவாயில்களை மூடுவார்கள். ஜந்தர் மந்தரில் பெரிய போராட்டம் என்றால் படேல் சௌக்குக்கும் அதே கதி. போராட்ட நாளில் அறிவிப்பு பெரும்பாலும் அன்று காலைதான் வரும்.

இரவு பதினொரு மணியளவில் சேவை ஓய்ந்துவிடும். மாறி ஏற வேண்டிய பயணம் என்றால் முதல் ரயிலைப் பிடித்துவிட்டு இரண்டாவதைக் கோட்டை விடும் ஆபத்து உண்டு. பத்து மணிக்கே கிளம்பிவிடுங்கள். பல பிஜிக்களின் கதவு எப்படியும் அதற்கு முன்பே சாத்தியிருக்கும், அது வேறு கதை. டிசம்பர், ஜனவரிப் பனிமூட்டத்தில் ஊரிலிருந்து வரும் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். அந்த மாதங்களில் நள்ளிரவில் வந்து சேர்ந்தால் மெட்ரோ உதவாது. ரயில் நிலையக் காத்திருப்பு அறையில் விடியும்வரை இருப்பதே மேல்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நாக்கு செத்துப்போய் இருக்கும்போது பயன்படும் இறங்குமிடங்கள் சில. ஐஎன்ஏ ஸ்டேஷனில் இறங்கினால் ஐஎன்ஏ மார்க்கெட். தென்னிந்தியக் காய்கறி, மளிகை, மீன் கிடைக்கும். இட்லி தோசைக்கு ஜன்பத் சரவண பவன், வயலட் லைனில் ஜன்பத் ஸ்டேஷன். ஆர்.கே. புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்கு மெஜந்தா லைனில் வசந்த் விஹார். தமிழ்ச் சங்கமும் ஆர்.கே. புரத்தில்தான். கோயில் வாசலில் பத்து நிமிடம் நின்றால் தமிழில் பேச ஆள் கிடைக்கும், யாராவது ஒருவருக்கு ஒரு காலி ரூமும் தெரிந்திருக்கும். புரோக்கர் கமிஷனாகப் போகும் ஒரு மாத வாடகையோடு ஒப்பிட்டால் 21 ரூபாய் டிக்கெட் ஒன்றுமே இல்லை.

பை, பர்ஸ், சான்றிதழ் ஃபைல் எதையாவது ரயிலில் விட்டுவிட்டால் உடனே அந்த ஸ்டேஷனின் உதவி மையத்தில் சொல்லுங்கள் அல்லது 155370 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். எந்த லைன், எந்தத் திசை, முன்னாலிருந்து எத்தனையாவது பெட்டி, இறங்கிய நேரம் ஆகிய நான்கையும் சொன்னால் அடுத்த ஸ்டேஷன்களில் தேடுவார்கள். அன்று கிடைக்காத பொருட்கள் காஷ்மீரி கேட் ஸ்டேஷனில் உள்ள தொலைந்த பொருள் அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். அடையாள அட்டையோடு போய்ப் பெற்றுக்கொள்ளலாம். அசல் மதிப்பெண் சான்றிதழ்களை அட்மிஷன் முடியும்வரை முதுகுப் பையில் அல்லாமல் மார்போடு அணைத்த பையில் வைத்துக்கொள்வது இந்த வேலையையே மிச்சப்படுத்தும்.